என்னிடமும் வரி வாங்குங்கள்

அமெரிக்காவில் அதிபர் தேர்தலின் முடிவு வெளியான நாளில், காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், அப்பச்சியின் கைபேசி விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அப்பச்சி என்று நாங்கள் அழைப்பது தந்தையை. அவர் காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மின்கட்டணம், எரிவாயு, வங்கி என வீட்டுத் தகவல்கள் எல்லாம் அந்த எண்ணுக்கே வந்ததால் அதை நான் நிறுத்தவில்லை. அன்று வந்தவை அத்தகைய தகவல்கள் அல்ல. பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கியிருந்தது.

அந்தக் குழு அரசியலுக்காக ஏற்பட்டதன்று. எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு படைப்பு வீடு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அங்கே கூடி, முன்னோருக்குச் சமைத்துப் படைத்து, படைத்ததைப் பங்கிட்டுக்கொண்டு கலைவோம். அதன் கூரை ஒழுகியதால் ஓடு மாற்றுவதற்காக, புள்ளிக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆட்களைச் சேர்த்துக் குழுவைத் தொடங்கினார்கள்.

புள்ளி என்பதை வெளியூர் நண்பர்களுக்கு விளக்கும்போதெல்லாம் அவர்கள் இரண்டாவது முறை கேட்பார்கள். திருமணமான ஆண், மனைவியோடு சேர்த்து ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் மறைந்தால் மற்றவர் அரைப் புள்ளி. கோயிலுக்கோ படைப்புக்கோ ஆகும் செலவைப் புள்ளிகளால் வகுத்து எல்லாரிடமும் ஒரே வரி வாங்குவார்கள். கப்பல் வாங்கக்கூடியவருக்கும் அதே வரி, கடையில் சம்பளத்துக்கு இருப்பவருக்கும் அதே வரி. திருமணமாகாதவன் தன் தகப்பனின் புள்ளிக்குள் அடக்கம். ஆத்தா போனபின் அப்பச்சி அரைப் புள்ளியானார். நான் அந்த அரைக்குள் இருந்தேன். அப்பச்சியும் போனபின் எதற்குள்ளும் இல்லை.

எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பொருளாதாரத்தில் முதுகலை படித்து, உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். பெண் பார்க்கப் போன வீடுகளில் முதல் கேள்வி எந்த நாடு என்பதாகவும், இரண்டாவது கேள்வி எப்போது நிரந்தரமாகும் என்பதாகவும் இருந்தது. இரண்டுக்கும் என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை. ஒரு கட்டத்தில் அப்பச்சியே போதும் என்று சொல்லிவிட்டார்.

தை பிறந்ததும் கூரை ஓட்டு வேலைக்கு வரி தண்டினார்கள். படைப்பு வீட்டின் பொறுப்பில் இருக்கும் காரியக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டுக்கு இப்புறத்து வீட்டில் வாங்கினார். அப்புறத்து வீட்டிலும் வாங்கினார். நடுவில் முகப்பில் நின்ற என்னைப் பார்த்து, நல்லா இருக்கீகளா தம்பி, கல்லூரி போகலையா என்று விசாரித்தார். அவர் குரலில் குறை ஒன்றும் இல்லை. உள்ளே போய்த் தயாராக எடுத்து வைத்திருந்த பணத்தை மீண்டும் அலமாரியில் வைக்கும்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

குழுவில் நடந்த சண்டைக்கு வருகிறேன். ஒரு பக்கம் டல்லாஸில் தொழில் செய்யும் அண்ணன், என் பெரியப்பா மகன். மறுபக்கம் கலிபோர்னியாவில் மருத்துவராக இருக்கும் அண்ணன், இன்னொரு கிளையைச் சேர்ந்தவர். இருவரும் சிறு வயதில் ஒரே பள்ளியில் படித்தவர்கள்; அமெரிக்கப் பிரஜைகளாகி வாக்கும் போட்டவர்கள். வென்ற கட்சிக்கு யானை சின்னம், தோற்ற கட்சிக்குக் கழுதை. டல்லாஸ் அண்ணன் விடிந்ததும் நெற்றிப்பட்டம் கட்டிய கோயில் யானையின் படத்தைப் போட்டு, "எல்லாரும் ஒதுங்கி நில்லுங்க" என்று எழுதினார். கலிபோர்னியா அண்ணன், யானை நடப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், தீனி போடுகிறவனைக் கேட்டால் தெரியும் என்றார். அதற்கு டல்லாஸ் அண்ணன் கழுதை படம் போட்டார். அன்றிலிருந்து விவாதம் நிற்கவில்லை.

வரியைக் குறைத்தால் முதலாளி ஆள் எடுப்பான், பங்குச்சந்தை ஏறும், எல்லாருக்கும் வேலை கிடைக்கும் என்பது டல்லாஸின் கட்சி. குறையும் வரி மேலே இருப்பவருக்கு, வெட்டப்படும் மருத்துவ உதவி கீழே இருப்பவருக்கு என்பது கலிபோர்னியாவின் கட்சி. சந்தை ஏறிய நாள்களில் முன்னவர் வரைபடம் போடுவார். இறக்குமதிக்குச் சுங்க வரி என்ற அறிவிப்பு வந்து சந்தை விழுந்த வாரத்தில் பின்னவர் அதே வரைபடத்தைத் தலைகீழாகப் போட்டார். சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். பிள்ளைகள் அனுப்பும் டாலரை நம்பி இருக்கும் உள்ளூர்ப் பெரியவர்கள், இப்போது தங்கம் வாங்கலாமா என்று இடையிடையே கேட்டார்கள். காரியக்காரர் ஒருநாள் பொறுமை இழந்து எழுதினார்: "ஓட்டு வேலைக்கு ஆள் வந்து நிக்கிறாக. அதிபரை அப்புறமாப் பாத்துக்கிருவோம்." இரண்டு மணி நேரம் அமைதியாக இருந்தார்கள்.

நான் இதையெல்லாம் ஒரு சொல் எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் மெஸ்ஸில் இட்லிக்குக் காத்திருக்கும்போது படித்தேன். கல்லூரி முடிந்து, மற்றப் பங்குதாரர்களின் அறைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத் திரும்பி வந்து படித்தேன். வகுப்பில் நான் நடத்துவதும் இதே பாடம்தான்: பொது நிதி, தலைக்கு இவ்வளவு என்னும் தலைவரி, வருமானத்தோடு ஏறும் வளர்விகித வரி, யார் செலுத்துகிறார், சுமை யார் மேல் இறங்குகிறது. மாணவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, சார் இது பரீட்சைக்கு வருமா என்பார்கள். அப்பச்சி இருந்தவரை மாலையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு நான் சொல்வதையெல்லாம் மறுப்பார். அவருக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. நான் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்க்கட்சி அவர். அவருக்குப்பின் என்னிடம் 'இல்லை' என்று சொல்ல ஒருவரும் இல்லை. குழுவில் ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருந்தவர்களின் நடுவே, அவர்களுக்குத் தெரியாமல் போய் உட்கார்ந்துகொண்டது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சுங்க வரி இங்கும் வந்து சேர்ந்தது. என் மாணவி ஒருத்தியின் தந்தை தரைக்குப் பதிக்கும் பூவேலைக் கல் வார்க்கும் பட்டறையில் வேலை செய்பவர். அமெரிக்காவுக்குப் போக வேண்டிய கற்களை வாங்க வேண்டியவர், விலை கட்டாது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டார். பட்டறையில் ஆள் குறைத்தார்கள். அவள் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. இதைக் குழுவில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டல்லாஸ் அண்ணன் புள்ளி வரியை எடுத்தார். அவர் எழுதியது இது: "எதுக்கு அமெரிக்காவுக்குப் போகணும், நம்ம புள்ளி வரியைப் பாருங்க. ஏழை பணக்காரன் எல்லாருக்கும் ஒண்ணு. அதனாலதான் சபையில எல்லாருக்கும் ஒரே மரியாதை. வரி குடுக்காதவனுக்குப் பேச்சு எதுக்கு?"

கலிபோர்னியா அண்ணன் விடவில்லை. புள்ளி வரியை மட்டும் சொல்லி மகமையை மறைக்கக்கூடாது என்றார். அவர் சொன்னது சரிதான். எங்கள் சமூகத்து வணிகர்கள் தலைக்கு இவ்வளவு என்று புள்ளி வரி கொடுத்ததோடு, வியாபாரம் எவ்வளவோ அதற்குத் தக்கபடி தருமத்துக்கு ஒரு பங்கையும் எடுத்து வைத்தார்கள். அதுதான் மகமை. சமமாகக் கொடுப்பது ஒன்று, வசதிக்கேற்பக் கொடுப்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே கோயில்களும் பள்ளிகளும் எழுந்தன. ஒருவர் ஒரு கையைக் காட்டினார், மற்றவர் மறு கையைக் காட்டினார்.

எனக்கோ அந்த விவாதம் முழுவதும் ஒரே வரியில் வந்து நின்றது: வரி கொடுக்காதவனுக்குப் பேச்சு எதற்கு. அவர் என்னை நினைத்து எழுதவில்லை. நினைத்து எழுதியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். அப்பச்சியின் எண்ணிலிருந்து மகன் எழுதுகிறேன் என்று தொடங்கி, சமமான வரி சமமான மரியாதையைத் தருகிறது என்ற கருத்தின் நியாயத்தை ஒப்புக்கொண்டேன். அதே வரி எல்லாருடைய மடியிலும் ஒரே கனமாக இருப்பதில்லை என்பதையும் சொன்னேன். மகமையைப் பற்றியும் பட்டறையைப் பற்றியும் எழுதினேன். கடைசியில், வரி கொடுக்க விரும்பியும் வாங்கப்படாதவர்கள் நம்மில் உண்டு, அவர்களுக்கு என்ன பதில் என்று கேட்டு அனுப்பினேன்.

அனுப்பியபின்தான் என்ன நடந்தது என்று புரிந்தது. நான் என் பெயரைப் போட்டிருந்தேன். ஆனால் எல்லாருடைய திரையிலும் முதலில் எழுந்தது, பட்டை பட்டையாகத் திருநீறு பூசிய அப்பச்சியின் படம். சிங்கப்பூரில் ஒரு ஆச்சி பயந்துபோய்த் தண்ணீர் குடித்தாராம். ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். அதைப் பார்த்து, விஷயம் தெரியாத இன்னொருவர் ஆழ்ந்த இரங்கல் என்று எழுதினார். சற்று நேரத்தில் காரியக்காரர், காலமானவரின் எண் விடுபடாமல் இருந்தது எங்கள் கவனக்குறைவு, பொறுத்துக்கொள்ளவும் என்று எழுதி அந்த எண்ணை நீக்கினார். அதற்கு டல்லாஸும் கலிபோர்னியாவும் அடுத்தடுத்துக் கட்டைவிரல் உயர்த்தியிருந்ததை ஒரு பங்காளி பிறகு சொன்னார். தேர்தலுக்குப்பின் அந்த இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாக இருக்கும்.

நான் எழுதியதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பழைய செய்திகள் மட்டும் கைபேசியில் இருந்தன. கீழே, நீங்கள் இக்குழுவில் இல்லை என்ற அறிவிப்பு.

அடுத்த வாரம் டல்லாஸ் அண்ணன் என் எண்ணுக்கே அழைத்தார்.

"கோவிச்சுக்கிட்டியாடா?"

இல்லை என்றேன்.

"சித்தப்பா படத்தைப் பாத்ததும் அவுகளே எழுதுறாகளோன்னு எனக்கே தோணிருச்சு. நீ எழுதுனதை அப்புறந்தான் நிதானமாப் படிச்சேன். மூணு எடத்துல தப்பு."

எங்கே என்று கேட்டேன். என் குரலில் இருந்த ஆவல் எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் சொல்ல, நான் மறுக்க, அவர் மீண்டும் சொல்ல, ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. சுங்க வரியால் முதலில் வலிக்கும், பிறகு சரியாகும் என்றார். பிறகு சரியாகும் என்று சொல்பவர்கள் வேறு, முதலில் வலிப்பவர்கள் வேறு என்றேன். எங்களுக்குள் ஒரு விஷயத்திலும் கருத்து ஒன்றாகவில்லை. அப்பச்சி போனபின் நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

முடிக்கும்போது, உனக்கு என்னதான் வேணும் என்று கேட்டார்.

"என்கிட்டயும் வரி வாங்கச் சொல்லுங்கண்ணே."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒலகமே வரியைக் கொறைன்னு நிக்கிது. நீ ஒருத்தன் போடுன்னு நிக்கிறே."

"வரி குடுக்காதவனுக்குப் பேச்சு எதுக்குன்னு நீங்கதானே எழுதுனீக."

"அது அமெரிக்காவுக்குச் சொன்னதுடா."

"புள்ளி வரியை வச்சுத்தானே சொன்னீக."

சரி, கூட்டத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

படைப்புக்கு முந்தைய பங்காளிகள் கூட்டம் படைப்பு வீட்டின் புதிய ஓட்டுக் கூரையின் கீழ் நடந்தது. வெளிநாட்டில் இருந்தவர்கள் மடிக்கணினியின் திரையில் இருந்தார்கள். சிவன் கோயில் திருப்பணி, சமையல்காரர் ஏற்பாடு எல்லாம் முடிந்தபின் டல்லாஸ் அண்ணன் சொன்னதைச் செய்தார். அவன் கொடுக்கிறேன் என்கிறான், வாங்கிக்கொண்டு அவனையும் உட்கார வைத்துப் பேசவிடுங்கள், கொடுப்பவனுக்குப் பேச்சு என்பது என் கொள்கை, அதை ஆளுக்குத் தக்கபடி மாற்ற மாட்டேன் என்றார்.

எதிர்த்தவர் கலிபோர்னியா அண்ணன். நாடு வேறு, வழக்கம் வேறு என்றார். இன்று ஒருவருக்காக மாற்றினால் நாளை யார் யாருக்கோ மாற்ற வேண்டிவரும். நாமெல்லாம் வெளியூரில் இருந்துகொண்டு உள்ளூர் வழக்கத்தில் கைவைக்கக்கூடாது என்றார். அவர் சொன்னதில் பொறுப்பு இருந்தது. ஆனால் கீழே இருப்பவருக்காக மாதக்கணக்கில் வாதாடியவரிடமிருந்து நான் எதிர்பார்த்தது வேறு. எந்தக் கட்சிக்கு வாக்களிப்பார் என்பதை வைத்து ஒருவரின் மனம் எங்கே விரியும் என்று கணித்துவிட முடியாது என்பதை, இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்திய நான் அன்று அந்தத் திரையின் முன் நின்று தெரிந்துகொண்டேன்.

"ஒரு பொண்ணைப் பாத்துக் கட்டி வச்சுட்டாப் புள்ளி தன்னால வந்துரும். அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய சட்டசபை?" என்றது பின்வரிசையில் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமாகும் என்று நானும் சிரித்தேன்.

காரியக்காரர் இதமாகத்தான் பேசினார். "நன்கொடையா எவ்வளவு வேணும்னாலும் குடுங்க தம்பி, கல்லுல பேர் வெட்டிருவோம். வரியா வாங்க வழக்கமில்லை."

எனக்குக் கல்லில் பெயர் வேண்டாம் என்றேன். நன்கொடை கொடுப்பவருக்கு நன்றி சொல்வார்கள்; வரி கொடுப்பவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. எனக்கு வேண்டியது அந்த நன்றி சொல்லப்படாத இடம். இதை இவ்வளவு தெளிவாக அன்று நான் சொன்னேனா என்பது சந்தேகம். வரி கொடுத்தால்தான் கூட்டத்தில் குரல் உண்டு, அந்தக் குரலுக்காகக் கேட்கிறேன் என்றுதான் சொன்னதாக நினைவு.

அப்போது கதவோரம் உட்கார்ந்திருந்த ஆச்சி பேசினார். எங்கள் தெருக்கோடியில் தனியாக இருப்பவர், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், அரைப் புள்ளி.

"நான் இத்தனை வருஷமா வரி குடுக்குறேன் தம்பி. என்னை எந்தக் கூட்டத்துல எவுக கேட்டாக?"

திரையில் இருந்த இருவரும் ஒரே நேரத்தில் பேச வாயெடுத்து, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, இருவருமே பேசாமல் போனார்கள். காரியக்காரர், இந்த விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, வாழை இலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

வரிக்கும் குரலுக்கும் நடுவே நான் போட்டிருந்த முடிச்சு அந்த ஒரு கேள்வியில் அவிழ்ந்துவிட்டது. இரண்டு நாள் அதையே எடைபோட்டுக்கொண்டிருந்தேன். என் ஒருவன் கோரிக்கையாக இருந்தவரை அது சிரிப்புக்குரியது. அரைப் புள்ளிகளின் கேள்வியோடு சேர்த்து வைத்தால் அதற்கு முதுகெலும்பு வரும். சிரித்து ஒதுக்கவும் முடியாது. அடுத்த கூட்டத்தில் அப்படித்தான் வைப்பது என்று முடிவு செய்தேன்.

சில குடும்பங்கள் இரவில் படைப்பார்கள்; எங்களுடையது பகல் படைப்பு. அன்று நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். கூட்டம் கூடினால் எல்லாருக்கும் எல்லார் மேலும் பிரியம் வந்துவிடும். எனக்கும் குறைவில்லாமல் கிடைத்தது. தோளைத் தட்டினார்கள், இளைத்துவிட்டாய் என்றார்கள், பந்தியில் கைபிடித்து உட்கார வைத்தார்கள். படைத்த பண்டங்களைப் பங்கிடும் நேரம் வந்ததும் புள்ளிகளின் பெயர்களை வாசித்தார்கள். ஒவ்வொருவரும் கொண்டுவந்த பாத்திரத்தை நீட்டி, புள்ளிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டார்கள். நான் பாத்திரம் எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போனால் அதுவே ஒரு கேள்வியாகிவிடும் என்று தோன்றியது. பெயர்களெல்லாம் முடிந்தபின், விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கியதிலிருந்து காரியக்காரரின் மனைவி ஒரு இலைப் பொட்டலம் கட்டி என் கையில் வைத்தார். மறுத்தால் அவர் மனம் நோகும். வாங்கிக்கொண்டேன்.

அரைப் புள்ளி ஆச்சி தம் பங்கை வாங்கிக்கொண்டு கிளம்பினார். பாத்திரத்தை நான் வாங்கிச் சுமந்துகொண்டு அவரோடு நடந்தேன். வெயில் இறங்கவில்லை; தெருவில் பூட்டிய வீடுகளின் நிழலைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். என் திட்டத்தைச் சொன்னேன். அவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி என்றும், அடுத்த கூட்டத்தில் அதையே முதலில் வைக்கப்போகிறேன் என்றும், அவருக்கும் முழுக் குரல் வேண்டும் என்று எழுதித் தரப்போகிறேன் என்றும் சொன்னேன். டல்லாஸ் அண்ணன் கட்டாயம் துணை நிற்பார் என்றேன்.

தம் வீட்டு வாசல் வந்ததும் அவர் பாத்திரத்துக்குக் கையை நீட்டினார்.

"அன்னைக்கி என்னமோ வாய் தவறி வந்துருச்சு. என் பேரை எங்கயும் எழுதிப்புடாதீக தம்பி. நீங்க ஆம்பளை, இல்லாததைக் கேக்குறீக, சிரிச்சுட்டு விட்டுருவாக. நான் இருக்குறதை வச்சுக் கேட்டா, இந்த அரையும் என்னாகும்னு யாரு கண்டா?"

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அப்படியெல்லாம் யாரும் எடுக்க முடியாது என்றோ, அதற்கு வழக்கத்தில் இடமில்லை என்றோ. வழக்கத்தில் எதற்கு இடமிருக்கிறது, எதற்கில்லை என்று உறுதியாகச் சொல்லும் நிலையில் நான் இல்லை என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். எழுத மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் போடும் ஓசை கேட்டது.

வீட்டுக்கு வந்து, இலைப் பொட்டலத்தை வளவில் வைத்துப் பிரித்தேன். பந்தியில் வயிறாரச் சாப்பிட்டிருந்தும், வீணாகக்கூடாது என்று பணியாரத்தை மட்டும் தின்றேன். பிறகு என் கைபேசியில் காரியக்காரருக்கு எழுதினேன். அடுத்த கூட்டத்தில் என் கோரிக்கையை வைக்க வேண்டும் என்றும், கோரிக்கை என் ஒருவனுடையது என்றும், வேறு யாரும் இதில் இல்லை என்றும் எழுதினேன். கடைசிச் சொற்றொடரை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஆச்சிக்குக் கொடுத்த வாக்குக்கு அது தேவையாக இருந்தது. அப்படியே அனுப்பினேன்.